பதினெட்டு வளைவு, பதினெட்டுக் குழி: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனாலும் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோல்ஃப் பற்றியவை. போன இதழில் எல்லே விளையாட்டைப் பற்றிய பதில் ஒன்றில், நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் கோல்ஃப் ஆடினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியின் விளைவு இது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நான் நில அளவையாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஹேண்டிகெப் (ஆட்டக்காரனுக்குக் கிடைக்கிற அடிச் சலுகை, திறமை கூடக் கூட எண் குறையும்) ஒரு காலத்தில் 14. இப்போது முழங்கால் சொல்வதைக் கேட்டு 22. ஆகவே நான் சொல்வதெல்லாம் சாதாரண ஆட்டக்காரனுக்குச் சாதாரண ஆட்டக்காரன் சொல்வது.

கேள்வி: நான் வங்கியில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் எங்கள் நிறுவனம் திகனையில் உள்ள விக்டோரியா கோல்ஃப் மைதானத்தில் ஒரு போட்டி வைக்கிறது. புள்ளி முறை ஆட்டம். என் ஹேண்டிகெப் 24. கொழும்பில் இருந்தபோது ஒரு வருடம் பழகியதுதான். திகனை மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை, முந்தின நாள் ஆடிப் பார்க்கவும் நேரம் இல்லை. எப்படித் தயாராவது?
— ஆரையம்பதி வாசகர்

பதில்: தம்பி, முதலில் பயணத்தைத் திட்டமிடுங்கள். செங்கலடியில் திரும்பி மகா ஓயா, பதியத்தலாவ, மகியங்கனை, அங்கிருந்து பதினெட்டு வளைவு என்ற மலைப்பாதை, பிறகு உன்னஸ்கிரிய, தெல்தெனிய, திகனை. போட்டியன்று விடியப்புறம் வெளிக்கிட்டு அந்தப் பதினெட்டு வளைவிலும் வயிறு கலங்கி, நேரே பதினெட்டுக் குழிக்குப் போய் நின்றால் எந்தத் திட்டமும் உதவாது. முந்தின நாள் பின்னேரமே போய்ச் சேருங்கள். ஆட நேரமில்லை என்கிறீர்கள், நடக்க அரை மணித்தியாலம் கிடைக்கும்தானே? மைதான அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பழகும் கிரீனில் (கிரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) பத்துப் பந்து தட்டிப் பாருங்கள். பந்து எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது ஒன்றை வீட்டிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. மற்றதில் முக்கால்வாசியை ஆரையம்பதியில் இருந்தே செய்துவிடலாம்.

நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம், எனக்குப் பழக்கிய பெரியவர் சங்கிலியைக் கையில் தந்து, "காணியை அளக்கிறதுக்கு முதல் சங்கிலியை அள" என்றார். அளவைச் சங்கிலி நூறு கண்ணி, 66 அடி, அதாவது 22 யார், ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளம். இழுத்து இழுத்துக் கண்ணிகள் நீண்டுவிடும். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் பெரிய காணியும் கணக்கில் சின்னதாகிவிடும். கோல்ஃப் ஆடுகிற நாங்கள் எல்லோரும் கையில் வைத்திருப்பது அப்படி நீண்டுபோன சங்கிலிதான். "என் 7 அயன் 150 யார் போகும்" என்போம் (அயன் என்றால் இரும்புத் தலைக் கிளப், அதாவது பந்தடிக்கிற கோல், எண் கூடக் கூடத் தூரம் குறையும்). எப்போது போனது? இரண்டு வருடத்துக்கு முதல், காற்று முதுகில் அடித்த ஒரு நாள், காய்ந்த தரையில் உருண்டு.

என் மச்சானுக்குப் படுவான்கரையில் வயல் இருக்கிறது. அறுவடை முடிந்து மாடு விடுவதற்கு முதல் எனக்கு ஒரு கிழமை கிடைக்கும். 7 அயனால் இருபது பந்து அடிப்பேன். நன்றாகப் போன ஐந்தையும் கேவலமாகப் போன ஐந்தையும் தள்ளிவிட்டு, நடுவில் விழுந்த பத்துப் பந்துகள் வரை அடி வைத்து நடந்து அளப்பேன். அரிதாளுக்குள் விழுந்த பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆகவே கிடைப்பது பந்து காற்றில் பறந்த தூரம் மட்டும். குளத்தையும் பங்கர் என்ற மணல் குழியையும் தாண்டுவதற்கு அந்தத் தூரம்தான் வேண்டும். 140 என்று நான் நம்பியிருந்த 7 அயன் போன வருடம் அங்கே காட்டியது 122. மச்சான் வரம்பில் இருந்து கச்சான் கொறித்துக்கொண்டு எண்ணியபடியால் அதை என்னால் மறுக்கவும் முடியவில்லை. நீங்களும் உங்கள் நான்கு கிளப்புகளுக்காவது இப்படி ஒரு எண் எடுத்து வையுங்கள். தெரியாத மைதானத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான்.

அடுத்தது ஸ்கோர் அட்டை. விக்டோரியாவை வடிவமைத்தவர் டொனால்ட் ஸ்டீல் என்ற ஆங்கிலேயர். 1999இல் திறந்தார்கள். பார், அதாவது நல்ல ஆட்டக்காரன் முடிக்க வேண்டிய அடிக் கணக்கு, 73, வழமையான 72ஐ விட ஒன்று கூட. ஆனால் அந்த 73 உங்களுக்கான எண் இல்லை. 24 ஹேண்டிகெப் என்றால் ஒவ்வொரு குழிக்கும் ஓர் அடி சலுகை, அதற்கு மேல் மிகக் கடினமான ஆறு குழிகளுக்கு இன்னுமோர் அடி. எது கடினம் என்பது அட்டையில் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் என்ற வரிசையில் 1 முதல் 18 வரை இருக்கும். பேனையை எடுத்து இன்டெக்ஸ் 1 முதல் 6 வரையுள்ள குழிகளில் பாரோடு இரண்டைக் கூட்டுங்கள், மற்றவற்றில் ஒன்றை. அதுதான் உங்கள் சொந்தப் பார். (மைதானம் எவ்வளவு கடினம் என்று காட்டுகிற ஸ்லோப் எண் வழமையான 113ஐ விடக் கூடுதலாக இருந்தால் சலுகையும் கொஞ்சம் கூடும். அதைப் போட்டி நடத்துபவர்கள் கணக்குப் போட்டுத் தருவார்கள், நீங்கள் மண்டையை உடைக்க வேண்டாம்.)

ஒரு குழியை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். உதாரணத்துக்குத்தான், விக்டோரியாவின் குழி என்று நினைக்க வேண்டாம். பார் 4, 380 யார், இன்டெக்ஸ் 3. முதல் அடி அடிக்கிற டீயிலிருந்து 190 யாரில் வலப்பக்கம் தண்ணீர் தொடங்கி 220 வரை போகிறது. கிரீனுக்கு முன்னால் இடப்பக்கம் ஒரு பங்கர். அட்டையைப் பார்த்ததும் கை தானாக டிரைவர் என்ற மிகத் தூரம் அடிக்கிற கிளப்பைத் தேடும், பார் 4 என்று எழுதியிருக்கிறதே! டிரைவர் உங்களுக்கு எத்தனை போகும்? 200 என்று வையுங்கள். சரியாகத் தண்ணீரின் வயிற்றுக்குள். இப்போது கிரீனிலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்கள் சொந்தப் பார் 6. மூன்று அடியில் கிரீனுக்குப் போய் மூன்று தட்டில் போட்டாலும் சலுகை இரண்டையும் கழித்தால் 4, பாருக்குச் சமம், அதற்குப் புள்ளி இரண்டு. இரண்டு தட்டில் போட்டால் பாரை விட ஒன்று குறைவு, புள்ளி மூன்று. மூன்று அடியில் 380 போக 150, 130, 100 போதும். 150க்குத் தண்ணீரே எட்டாது. டிரைவர் பைக்குள்ளேயே கிடக்கட்டும். இப்படி வீட்டில் இருந்தே பதினெட்டுக் குழிக்கும் பின்னோக்கி ஒரு வரி எழுதுங்கள். "3ஆம் குழி: ஹைபிரிட், 7, 9. வலம் வேண்டாம்." அவ்வளவுதான். (ஹைபிரிட் என்றால் டிரைவருக்கும் அயனுக்கும் இடைப்பட்ட கிளப்.) நீட்டி எழுதினால் வெயிலில் யாரும் வாசிக்கப் போவதில்லை.

அந்த "வலம் வேண்டாம்" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாங்கள் அடிக்கிற பந்து பாதிக்கு மேல் நினைத்த இடத்துக்குப் போகாது. ஆகவே எங்கே அடிப்பது என்று தீர்மானிப்பதை விட, எந்தப் பக்கம் பிழைத்தால் பரவாயில்லை என்று தீர்மானிப்பது பெரிய வேலை. நுவரெலியாவில் எனக்குப் பந்துப்பை தூக்கிய ஒரு பெரியவர் இதை ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்: "சேர், பிழைக்கிறதெண்டா பிழைக்கக்கூடிய இடமாப் பாத்துப் பிழைங்க." ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கேள்வி. வெள்ளைக் கட்டை எந்தப் பக்கம்? சிவப்பு அல்லது மஞ்சள் கட்டை எந்தப் பக்கம்? மைதான எல்லையான வெள்ளைக் கட்டைக்கு வெளியே போனால் ஒரு அடி தண்டமும் கொடுத்து, முதல் அடித்த இடத்துக்கே திரும்பவும் வர வேண்டும். சிவப்பும் மஞ்சளும் தண்ணீர், ஓடை மாதிரியான தண்டப் பகுதி. ஒரு அடி போகும், ஆனால் முதல் அடித்த இடத்துக்குத் திரும்பாமல், அந்தப் பகுதிக்குக் கிட்டவே, குழிக்கு நெருங்காமல் பந்தைப் போட்டுத் தொடரலாம். ஆகவே ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு என்றால் சிவப்புப் பக்கம் பிழைப்பது மேல். இரண்டும் இல்லாமல் வெறும் புல்லும் மரமும் என்றால் அந்தப் பக்கம் சாய்ந்தே குறி பாருங்கள்.

மலைநாட்டு மைதானத்தில் கண் பொய் சொல்லும். கடலோர எழுவான்கரையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது இன்னும் மோசம். எங்கள் கண்ணுக்குத் தரை என்றால் மட்டம்தான். பெரிய மலைச்சரிவுக்குப் பக்கத்தில் சின்னச் சரிவு மட்டமாகத் தெரியும், சிலவேளை எதிர்ப்பக்கம் சரிவதாகவே தெரியும். இதற்கு விக்டோரியாவில் ஒரு நல்ல மருந்து இருக்கிறது. மைதானம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. தேங்கி நிற்கிற தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் மட்டம். நில அளவையாளர்கள் வைத்திருக்கும் ரசமட்டக் குழாயின் பெரிய வடிவம் அது. தண்ணீர் தெரிகிற இடத்தில் நின்று அந்தக் கோட்டோடு கிரீனை ஒப்பிட்டுப் பாருங்கள், சரிவு எந்தப் பக்கம் என்பது பளிச்சென்று பிடிபடும். தண்ணீர் தெரியாத கிரீனில் மழை பெய்தால் வெள்ளம் எந்த மூலையால் வடியும் என்று பாருங்கள், பந்தும் அந்தப் பக்கம்தான் போகப் பார்க்கும். தூரத்துக்கு: கிரீன் நீங்கள் நிற்கிற இடத்தை விடப் பத்து யார் உயரத்தில் இருந்தால் தூரத்தோடு ஏறக்குறைய பத்து யாரைக் கூட்டிக் கிளப்பை எடுங்கள். கீழே இருந்தால் கழியுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் மூன்று குழியில் திட்டத்தை விட ஒரு படி கோழையாகவே ஆடுங்கள். உங்களோடு வரும் முகாமையாளர் டிரைவரை எடுப்பார், சத்தம் பெரிதாக வரும், பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். போகட்டும். நீங்கள் ஹைபிரிட்டை எடுங்கள். கேலி செய்வார்கள்தான், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: நான் கூகுள் எர்த்தில் மைதானங்களைப் பார்த்துக் கோடு போட்டு அளந்து வைக்கிறேன். நண்பர்கள் பகிடி பண்ணுகிறார்கள். இது பிரயோசனமான வேலையா?
— கல்முனை வாசகர்

பதில்: நான் முப்பது வருடம் வரைபடம் கீறிச் சம்பளம் வாங்கியவன், என்னிடம் போய் இதைக் கேட்கலாமா! தாராளமாகச் செய்யுங்கள். மூன்று விஷயம் மட்டும் கவனியுங்கள்.

டீயிலிருந்து அளக்கத் தொடங்காதீர்கள். போட்டி நாளில் டீயின் குறிகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பார்கள். கிரீனின் முன் விளிம்பிலிருந்து பின்னோக்கி அளந்து, தண்ணீர், பங்கர், வளைவு எங்கே வருகிறது என்று குறியுங்கள். கிரீனின் நீளத்தையும் கட்டாயம் அளந்து வையுங்கள். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை 30 யார் நீளமான கிரீன்கள் உண்டு. கொடி முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதில் இரண்டு கிளப் வித்தியாசம் வந்துவிடும். அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் நடுக் கிரீன் வரையான தூரம். கொடி எங்கே நின்றாலும் நடுக் கிரீனுக்கு அடியுங்கள், எங்கள் தரத்துக்கு அது போதும்.

இரண்டாவது, படம் எப்போது எடுத்தது என்று பாருங்கள். வரட்சிக் காலத்துப் படத்தில் வெறும் பள்ளமாகத் தெரிவது மாரியில் குளமாக இருக்கும். மரங்களின் உயரமும் மேலிருந்து தெரியாது. ஆனால் நிழலின் நீளத்தைப் பார்த்தால் எது பெரிய மரம், எது பற்றை என்று பிடித்துவிடலாம்.

மூன்றாவது, அலகு. இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பல வருடத்துக்கு முதல் நான் பழகாத ஒரு மைதானத்தில் ஆடினேன். பெயர் வேண்டாம், பிழை முழுக்க என்னுடையது. டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள ஃபேர்வே ஓரத்தில் 150 என்று கட்டை நின்றது. நானும் 150க்குரிய கிளப்பை எடுத்து அடித்தேன், நல்ல அடி. கிரீனுக்குப் பதினைந்து யார் குறையில் பங்கருக்குள் விழுந்தது. காற்று என்று நினைத்தேன். அடுத்த குழியிலும் அப்படியே. ஐந்தாவது குழியில், கூட ஆடிய ஒருவர் மெதுவாக, "ஐயா, இந்த மைதானம் மீற்றர்" என்றார். 150 மீற்றர் என்றால் 164 யார். ஒரு கிளப்புக்கு மேல் வித்தியாசம். துணிக்கடையில் யாருக்கும் மீற்றருக்கும் வித்தியாசம் தெரியாமல் சாரம் வாங்குகிறவன் கூட என்னை விட மேல். அதுவும் நில அளவையாளன்! அந்த நாளின் ஸ்கோரை வீட்டில் நான் சொல்லவே இல்லை. ஆகவே தம்பி, அட்டையை வாங்கியதும் முதல் பார்க்க வேண்டியது அதில் இருப்பது யாரா மீற்றரா என்பது. பிறகு தூரக் கட்டைகளின் நிறம் என்ன கணக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் 100க்குச் சிவப்பு, 150க்கு வெள்ளை என்று இருக்கும். எல்லா இடத்திலும் இல்லை. எல்லைக்கும் வெள்ளைக் கட்டை நடுவதால் குழம்பவும் வாய்ப்பு உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் அந்த மைதானத்துக்குரிய விதிகள் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் வாசியுங்கள்.

கேள்வி: முதல் முறை போகிற மைதானத்தில் கேடி எடுப்பதா, காசை மிச்சம் பிடிப்பதா? கேடி சொல்வதை எல்லாம் கேட்க வேண்டுமா?
— அம்பாறை வாசகர்

பதில்: கேடி என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு: இங்கே கேடி என்றால் பை தூக்கி, வழி காட்டி, பந்து தேடித் தருகிற மனிதர். சினிமாக் கேடி வேறு.

எடுங்கள். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம், புதுப் பந்து வாங்காமல் பழைய பந்தோடு போகலாம். அறியாத மைதானத்தில் அந்த ஊர்க் கேடி இல்லாமல் போவது, மாரியில் வாவி பெருகியிருக்கும்போது தோணிக்காரன் இல்லாமல் தோணியில் ஏறுவது போல. பந்து தேட இப்போது மூன்று நிமிடம்தான் அனுமதி, 2019க்கு முதல் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த மூன்று நிமிடத்தில் நீங்கள் ஆளே புகாத பற்றையைக் கிளறிக்கொண்டு நிற்பீர்கள். கேடி நேரே போய், பந்து வழமையாக உருண்டு வந்து நிற்கிற பள்ளத்தில் இருந்து எடுப்பார். நுவரெலியாவில் தமிழ் பேசும் கேடிகள் இருக்கிறார்கள், பாஷைக் கவலையும் வேண்டாம்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. முதல் டீயிலேயே உங்கள் உண்மையான தூரங்களைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு மைதானம் தெரியும், உங்களைத் தெரியாது. "7 அயன் 120, பந்து வழமையா வலப்பக்கம் வளையும்" என்று சொன்னால் அவர் அதற்குத் தக்கபடி கிளப்பைக் கையில் தருவார். பெருமைக்கு 150 என்று சொன்னால் 150க்குரிய கிளப்தான் வரும், பிறகு அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. "எப்படி அடிக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். "இதில் எந்தப் பக்கம் போகக் கூடாது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கேடிகள் தயங்கிப் பதில் சொல்லி நான் கண்டதில்லை. கிரீனில் சரிவைப் பற்றி அவர் ஒன்று சொல்லி உங்கள் கண் வேறொன்று சொன்னால், முதல் ஒன்பது குழிக்கு அவரை நம்புங்கள். அதற்குள் யார் சரி என்று கணக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பெரும்பாலும் அவர்தான் சரி.

ஆனால் எதிராட்டக்காரரிடம் "எந்தக் கிளப் அடித்தீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள், தண்டம். எத்தனை யார் என்று தூரம் கேட்பதில் பிழையில்லை.

கேள்வி: நுவரெலியாவில் பந்து கூடுதலாகப் பறக்கும் என்கிறார்கள். உண்மையா? எவ்வளவு கணக்கு வைப்பது?
— ஏறாவூர் வாசகர்

பதில்: உண்மை. நுவரெலியா 6,000 அடிக்கு மேல் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, பந்தைப் பிடித்து நிறுத்துகிற தடையும் குறைவு. நூற்றுக்கு ஏழு என்று கணக்கு வைத்தால் ஏறக்குறையச் சரி. இங்கே 150 பறக்கிற பந்து அங்கே 160. ஆனால் விடியக் குளிரில் பந்தும் இறுகும், கையும் விறைக்கும், காற்றும் கனக்கும். கூடுதலாகக் கிடைப்பதில் கொஞ்சத்தைக் குளிர் திருப்பி எடுத்துவிடும். நான் முதல் சில குழிக்கு எதையும் கழிக்காமல் ஆடி, சுவெற்றரைக் கழற்றுகிற நேரத்தில் இருந்துதான் ஒரு கிளப் குறைப்பேன்.

ஒன்று கவனியுங்கள், அங்கே தூரம் பெரிய பிரச்சினை இல்லை. மரங்களுக்கு நடுவே ஒடுங்கிய ஃபேர்வேகள். ஏழு வீதம் கூடுதலாகப் பறக்கிற பந்து ஏழு வீதம் கூடுதலாகக் காட்டுக்குள்ளும் போகும்.

கேள்வி: என் கணவர் இரண்டு கிழமையாகச் சாப்பாட்டு மேசையில் மைதானப் படத்தை விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். சோற்றுக் கோப்பை வைக்க இடமில்லை. இந்த விளையாட்டுக்கு இவ்வளவு படிப்புத் தேவையா?
— களுவாஞ்சிக்குடி வாசகி

பதில்: தேவை இல்லை மகள். ஒரு பின்னேரம் போதும். இரண்டு கிழமை எடுக்கிறார் என்றால் அவர் மைதானத்தைப் படிக்கவில்லை, மனதுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறார். அந்த ஆட்டத்தில் பந்து ஒருபோதும் தண்ணீரில் விழாது, அதனால்தான் முடிக்க மனமில்லை. பதினெட்டு வரியை ஒரு சின்ன அட்டையில் எழுதித் தரச் சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டி மேலே வையுங்கள். (என் மனைவி இதைத்தான் செய்தாள்.)

கேள்வி: ஆடி மாதம் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஆட அழைத்திருக்கிறார்கள். மலைநாட்டுக்குச் சொல்கிற அதே திட்டம் அங்கேயும் பொருந்துமா?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: சங்கிலியை அளப்பது, பின்னோக்கி எண்ணுவது, பிழைக்கிற பக்கத்தைத் தெரிவது, இவை எங்கேயும் பொருந்தும். மற்றதெல்லாம் தலைகீழ்.

எங்கள் கரையில் ஆடி மாதம் என்றால் கச்சான் காற்று. மேற்கிலிருந்து காய்ந்து, சூடாக அடிக்கும். காலையில் மெதுவாகத் தொடங்கி மத்தியானத்துக்குள் தென்னையைப் பிடித்து உலுப்பும். போவதற்கு முதல் மைதானப் படத்தில் வடக்கைப் பார்த்து, ஒவ்வொரு குழியும் எந்தத் திசையில் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். மேற்கு நோக்கி ஓடுகிற குழிகள் எவை, அவை ஆட்டத்தின் முதல் பாதியில் வருகின்றனவா பிற்பாதியில் வருகின்றனவா? பிற்பாதியில் என்றால் அவற்றுக்கு இப்போதே ஓரடி கூட்டி எழுதிவிடுங்கள். முகத்தில் மணிக்குப் பத்து மைல் காற்று அடித்தால் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். அதே காற்று முதுகில் அடித்தால் அதில் பாதிதான் திரும்பக் கிடைக்கும். கடன் வாங்குகிற வட்டியும் சேமிப்பு வட்டியும் மாதிரி. எதிர்க்காற்றில் பலமாக அடிக்காதீர்கள், பந்து மேலே எழும்பி நின்றுவிடும். ஒரு கிளப் கூட்டி எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, மெதுவாக அடித்தால் தாழ்வாகப் போகும்.

தரை காய்ந்திருக்கும். ஆகவே கிரீன் மேல் கொண்டுபோய் விழுத்தப் பார்க்காமல் கிரீனுக்கு முன்னால் விழுத்தி உருள விடுங்கள். முன்னால் பங்கர் இருக்கிற குழிகளில் மட்டும் இது சரிவராது.

பிறகு உடம்பு. பதினெட்டுக் குழி நடந்து முடிக்க நான்கு, நான்கரை மணித்தியாலம் எடுக்கும், வளைந்து நெளிந்து எட்டுப் பத்துக் கிலோமீற்றர் நடை. விடியக் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்திய குடிப்பு, மூன்று குழிக்கு ஒரு தரம் குடியுங்கள். என் அனுபவத்தில் பதினான்காவது குழிக்குப் பிறகு நான் செய்த மடத்தனமான தெரிவுகள் எல்லாம் வெயில் செய்தவை. அதனால் கடைசி நான்கு குழிக்கான வரிகளை மட்டும் சிவப்பு மையால் எழுதி வைப்பேன். அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, அட்டையில் உள்ளதைச் செய்தால் போதும்.

அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வந்து, அங்கிருந்து வாகரை, வெருகல் வழியாகத்தானே போவீர்கள்? மட்டக்களப்பிலிருந்தே சுமார் 130 கிலோமீற்றர் இருக்கிறது. அதையும் அதே காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தூரம் அளக்கும் லேசர் கருவி வாங்கினால் இந்தத் திட்டம் எதுவும் தேவையில்லை என்கிறார் என் நண்பர். போட்டியில் அனுமதி உண்டா?
— வாழைச்சேனை வாசகர்

பதில்: 2019 விதிப்படி அனுமதி உண்டு, அந்தப் போட்டிக்கென்று தனி விதி போட்டுத் தடுத்திருந்தால் தவிர. ஆனால் மேடு பள்ளத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துச் சொல்கிற வசதியை நிறுத்திவைக்க வேண்டும். கருவி கொடி வரை 143 என்று சொல்லும். 143க்கு அடிக்கலாமா, 110க்கு அடித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாமா என்று சொல்லாது. நண்பர் ஒரு கருவி வாங்கித் தந்தால் மறுக்காதீர்கள்.

கேள்வி: திகனைப் போட்டிக் கேள்வியை எழுதிய அதே ஆள்தான். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். என்ன உடுப்புப் போட்டுக்கொண்டு போவது?
— ஆரையம்பதி வாசகர்

பதில்: கொலர் வைத்த சேர்ட், துணிக் காற்சட்டை. ஜீன்ஸும் கொலர் இல்லாத டீ-சேர்ட்டும் பல கழகங்களில் விடமாட்டார்கள், ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள். சப்பாத்துப் புதிதென்றால் ஒரு கிழமை முதலே போட்டுக் கல்லடிப் பாலத்தில் ஏறி இறங்கி நடந்து பழக்குங்கள். இரண்டு சோடி சொக்ஸ் பையில் இருக்கட்டும், மலைப்பக்கம் விடியப் புல்லில் பனி இருக்கும். அட்டையை வைக்கப் பின்பக்கப் பொக்கற் வேண்டாம், வியர்த்துப் பென்சில் எழுத்து அழிந்துவிடும். சேர்ட் பொக்கற்.